9 வயது மகள், 44 கிலோ, டிஎஸ்எச் 6.4: தைராய்டு மாத்திரை ஆரம்பிக்கலாமா?

செம்பூர் அம்மா | ஜூன் 14, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை, அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

மகளுக்கு 9 வயது 2 மாதம். எடை 44 கிலோ. ஒரு வருடமாகக் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது. ஊரிலிருந்து வந்த மாமியார் அதை அழுக்கு என்று நினைத்து தினமும் கடலைமாவு போட்டு, பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார். நானும் தேய்த்திருக்கிறேன். தோல் சிவந்து, எரிகிறது எரிகிறது என்று குழந்தை அழுத பிறகுதான் நிறுத்தினோம். கறுப்பு போகவில்லை. போன மாதத்திலிருந்து மார்பும் லேசாக வளர ஆரம்பித்திருக்கிறது.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) 6.4 என்று வந்தது. தைராய்டு இருக்கிறது, அதனால்தான் குண்டாகிறாள் என்று சொல்லி 25 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை நாளுக்கு என்று கேட்டேன். ஆயுள் முழுக்க என்றார்கள். ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மாத்திரை அட்டையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

தைராய்டால் எடை கூடியதா, எடையால் தைராய்டு வந்ததா? இவ்வளவு சீக்கிரம் பெரியவளாகிவிடுவாளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முலுண்ட் மாமி | ஜூன் 14, இரவு 11:20

பயப்படாதேம்மா. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாமே இப்படித்தான் சீக்கிரம் வளர்கின்றன. தபேலாவில், அதாவது மாட்டுக் கொட்டகையில், எருமைக்கு ஊசி போட்டுக் கறக்கிற பால், நாற்பதே நாளில் வளர்கிற பிராய்லர் கோழி, எல்லாமே ஹார்மோன்தான். முதலில் பாலையும் கோழியையும் நிறுத்திப் பார்.

வார்டு நர்ஸ் | ஜூன் 15, காலை 6:35

செம்பூர் அம்மா, எடை சொன்னீர்கள், டிஎஸ்எச் சொன்னீர்கள். உயரம் எவ்வளவு? போன வருடம் இதே சமயத்தில் எவ்வளவு இருந்தாள்? கிளினிக்கில் உயரம் அளந்தார்களா?

நான் 11 வருடம் குழந்தைகளுக்கான ஹார்மோன் பிரிவில் நர்ஸாக இருந்தேன். குண்டான பிள்ளை உள்ளே வந்தால் நாங்கள் முதலில் கூட்டிக்கொண்டு போவது எடை மெஷினுக்கு அல்ல, உயரம் அளக்கிற பலகைக்குத்தான். அந்த இரண்டு எண்ணையும் தேடி எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.

டோம்பிவிலி அப்பா | ஜூன் 15, காலை 9:10

சிஸ்டர் கேட்ட கேள்வியை என்னிடம் இரண்டு வருடம் முன்னாலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். என் பையன் கதையைச் சொல்கிறேன்.

அவனுக்கு அப்போது 10 வயது. நன்றாகக் குண்டாகிக்கொண்டே போனான். வீட்டில் எல்லோரும் வடாபாவ்தான் காரணம் என்று திட்டினோம். ஜூன் மாதம் யூனிஃபார்ம் பேன்ட்டைத் தையல்காரரிடம் எடுத்துக்கொண்டு போனேன். இடுப்பைப் பிரித்துவிட்டார். அப்புறம் கீழ் மடிப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இரண்டு வருஷமா இடுப்பு மட்டும்தான் பிரிக்கிறேன், நீளம் இறக்கவே இல்லையே, பையன் வளரலையா?" மடிப்பில் மூன்று அங்குலத் துணி அப்படியே இருந்தது. பழைய கோடுகூட விழவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தால் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பிரேயரில் கடைசி வரிசையில் நின்றவன் முன் வரிசைக்கு வந்திருந்தான். மே மாத வெயிலிலும் ஃபேனை நிறுத்தச் சொல்வான். மலச்சிக்கல். தோல் செதில் செதிலாக இருக்கும். வகுப்பில் ரொம்ப அமைதி என்று டீச்சர் பாராட்டினார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். பரிசோதனையில் டிஎஸ்எச் 100-க்கு மேல். உடம்பே தன் தைராய்டு சுரப்பியைத் தாக்கி அழிக்கிற நோய்.

மாத்திரை ஆரம்பித்தோம். எடை மளமளவென்று இறங்கும் என்று எதிர்பார்த்தேன். மூன்று கிலோதான் குறைந்தது, அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கிய நீர் என்றார் டாக்டர். ஆனால் முதல் வருடத்தில் 9 சென்டிமீட்டர் வளர்ந்தான். பேன்ட்டை நீளம் இறக்கிப் போதாமல் புதிதாகவே தைக்க வேண்டியதாகிவிட்டது.

செம்பூர் அம்மா | ஜூன் 15, மதியம் 2:05

சிஸ்டர், கிளினிக்கில் உயரம் அளக்கவில்லை. பள்ளி ஹெல்த் கார்டைத் தேடி எடுத்தேன். போன வருடம் ஜூனில் 133 சென்டிமீட்டர். இப்போது சுவரோடு நிற்க வைத்து அளந்தேன், 139. வகுப்பில் இரண்டாவது உயரமான பெண். என் உயரம் 156, அவள் அப்பா 168.

வார்டு நர்ஸ் | ஜூன் 15, மாலை 4:40

நீங்கள் சொன்ன விவரம் எனக்குப் பாதி நிம்மதி கொடுத்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

சாப்பாடும் அசையாமல் இருப்பதும் சேர்ந்து எடை கூடும் பிள்ளை உயரமும் கூடவே வளரும், பெரும்பாலும் வயதுக்கு மீறிய உயரமாகவே இருக்கும். தைராய்டு குறைவு, கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் அதிகம், வளர்ச்சி ஹார்மோன் குறைவு, இந்த மூன்றிலும் எடை ஏறும், உயரம் நின்றுவிடும். குண்டாகவும் குட்டையாகவும் ஆகிற பிள்ளையைத்தான் நாங்கள் பயத்தோடு பார்ப்போம். 4 வயதிலிருந்து பருவம் தொடங்கும் வரை வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர வேண்டும். 4-க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். உங்கள் மகள் 6 வளர்ந்திருக்கிறாள். டோம்பிவிலி அண்ணன் மகனுக்கு நடந்தது இவளுக்கு நடக்கவில்லை.

அப்படியானால் 6.4 எப்படி வந்தது? எடை கூடிய பிள்ளைகள் பலருக்கு டிஎஸ்எச் 5-க்கும் 10-க்கும் நடுவில் நிற்கும். கொழுப்பணுக்களில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் மூளையைத் தூண்டி டிஎஸ்எச்சைக் கொஞ்சம் மேலே தூக்குவது இதற்கு ஒரு காரணம். தைராய்டு சுரப்பி நன்றாகவே வேலை செய்யும். எடை இறங்கினால் இந்த எண்ணும் தானாக இறங்கும். அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில், எடைதான் முன்னால் வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் நான் சொல்கிறேன் என்று மாத்திரையைத் தூக்கிப் போடவும் வேண்டாம், ஆரம்பிக்கவும் வேண்டாம். இந்த வாரமே குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் போங்கள். மும்பை பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனை உங்களுக்குத் தூரம் இல்லை. ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கிற ஹார்மோன்), தைராய்டு எதிர்ப்புப் பொருள் (உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டுவது) இரண்டையும் பார்ப்பார்களா என்று கேளுங்கள். டி4 சரியாக இருந்து எதிர்ப்புப் பொருளும் இல்லை என்றால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது, சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கூடவே சாப்பிடுமுன் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கல்லீரல் பரிசோதனையும் பார்க்கச் சொல்வார்கள். அதற்குக் காரணம் அவள் கழுத்து.

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை அம்மா. விரலால் தொட்டுப் பாருங்கள், வெல்வெட் துணி மாதிரி தடித்திருக்கும். அக்குளிலும் இருக்கும். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். அந்த மிகுதி தோல் செல்களையும் வளரத் தூண்டுகிறது. எந்த நாரும் எந்தக் கிரீமும் அதை எடுக்காது. இன்சுலின் இறங்கினால் மெல்ல மங்கும். தேய்த்து அழவைத்த எத்தனையோ அம்மாக்கள் என் முன்னால் கண்கலங்கியிருக்கிறார்கள். குழந்தையிடம் "இது அழுக்கு இல்லடா, உன் தப்பும் இல்ல" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அவளுக்கு அது ரொம்பப் பெரிய விஷயம்.

நெல்லைக்காரன் | ஜூன் 15, இரவு 8:15

மாமி சொன்ன பால், கோழி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான்.

வார்டு நர்ஸ் | ஜூன் 15, இரவு 9:30

மாமி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இதில் நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது.

எருமைக்குத் திருட்டுத்தனமாகப் போடுகிற ஊசி ஆக்சிடோசின். பால் இறங்க வைக்கிற ஹார்மோன் அது. பருவத்தைக் கொண்டுவரும் ஹார்மோன் இல்லை. வாய்வழி போனால் வயிற்றில் மற்ற புரதம் மாதிரியே செரித்துவிடும். மாட்டை வதைக்கிற பழக்கம், நிறுத்தப்பட வேண்டியது, அது வேறு விஷயம். பிராய்லர் கோழி சீக்கிரம் வளர்வது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததாலும் தீவனத்தாலும்தான். வளரும் பெண்ணுக்குப் பாலையும் முட்டையையும் கோழியையும் நிறுத்தினால் புரதமும் கால்சியமும் போகும். அந்த இடத்தில் பிஸ்கெட் வந்து உட்காரும். நான் கண்ணால் பார்த்தது இது.

பருவத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு வெளியிலிருந்து வருவதைவிட உடம்புக்குள்ளேயே இருக்கிறது. 1970-ல் ரோஸ் ஃப்ரிஷ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒன்றைக் கவனித்தார். பெண்கள் முதல் மாதவிலக்கை அடையும் வயது வேறுபட்டாலும் எடை சுமார் 47 கிலோவாகவே இருந்தது. அது அப்படியே ஒரு கோடு போட்டது போன்ற விதி இல்லை என்று பின்னால் தெரிந்தது, ஆனால் கொழுப்பு எப்படியோ மூளையோடு பேசுகிறது என்ற எண்ணம் நிலைத்தது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்தபோது அந்தப் பேச்சின் மொழி கிடைத்தது. உடம்பில் சேமிப்பு போதும், இனி பருவம் தொடங்கலாம் என்று மூளைக்கு அனுமதிச்சீட்டு கொடுப்பது லெப்டின். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகள் மிக மிக அரிதாக இருக்கிறார்கள். கைக்குழந்தையிலிருந்தே அடங்காத பசி, அளவுக்கு மீறிய எடை, ஆனால் பருவம் மட்டும் வராது. கேம்பிரிட்ஜில் அப்படி ஒரு குழந்தைக்கு லெப்டின் ஊசி போட்டு எடை இறங்கியதை 1999-ல் வெளியிட்டார்கள்.

உடனே அந்த ஊசியைக் கேட்காதீர்கள். சாதாரணமாக எடை கூடிய பிள்ளைக்கு லெப்டின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது. மூளைதான் அதைக் காதில் வாங்குவதில்லை.

செம்பூர் அம்மாவின் இரண்டாவது கேள்வி. பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர்ந்தால்தான் அது சீக்கிரம் வந்த பருவம், உடனே பார்க்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு அந்த எல்லை 9. உங்கள் மகள் 9 தாண்டியவள். மார்பு வளர ஆரம்பித்ததிலிருந்து முதல் மாதவிலக்கு வர சராசரியாக இரண்டு, இரண்டரை வருடம் ஆகும். நாளைக்கே வந்துவிடாது. இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கலாம், எடை கூடிய பிள்ளைகளுக்கு அது உண்மை வயதைவிட ஒன்றிரண்டு வருடம் முந்தியிருப்பது உண்டு. மாதவிலக்கு வந்த பிறகு இன்னும் 5, 7 சென்டிமீட்டர்தான் உயரம் மிச்சம். இப்போது வகுப்பில் உயரமாக இருப்பவள் பின்னால் சராசரி உயரத்தில் நின்றுவிடலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

தாராவி வாத்தியார் | ஜூன் 16, காலை 7:50

நான் முனிசிபல் பள்ளியில் தமிழ் வழி வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இழை முழுக்க எடை கூடியவர்களைப் பற்றியே பேசுகிறது. என் வகுப்பு வேறு மாதிரி.

எட்டாம் வகுப்பில் 14 வயதுப் பையன்கள் சிலர் 11 வயதுப் பிள்ளை போல இருக்கிறார்கள். குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை, எடை 30 கிலோகூட இல்லை. மற்ற பையன்கள் கேலி செய்வதால் விளையாட்டு மைதானத்துக்கே வருவதில்லை. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 5 சதவீதம் பேர்தான் எடை கூடியவர்கள் என்று வந்தது. அந்த 24-க்குள்ளும் ஒரு ஹார்மோன் கதை இருக்கிறது என்று சிஸ்டர் எழுதியதைப் படித்த பிறகு புரிகிறது. என் வகுப்புப் பையன்களுக்கு அந்த அனுமதிச்சீட்டு இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

வார்டு நர்ஸ் | ஜூன் 16, காலை 8:30

சார், மிகச் சரியாகப் பிடித்தீர்கள். 14 வயது முடிந்தும் பருவத்தின் அடையாளமே இல்லாத பையனை, 13 முடிந்தும் மார்பு வளராத பெண்ணை அவசியம் மருத்துவரிடம் அனுப்புங்கள். பல வீடுகளில் அப்பாவும் தாமதமாக வளர்ந்தவராக இருப்பார், அது கவலை இல்லாதது. ஆனால் ரத்தசோகை, குடல் நோய், காசநோய், வெறும் பசி, இவையும் இதே முகத்தோடுதான் வரும்.

மாட்டுங்கா தங்கை | ஜூன் 16, இரவு 10:05

வாத்தியார் சார் எழுதியதால் தைரியம் வந்து எழுதுகிறேன். என் அக்கா மகளுக்கு 15 வயது. பரதநாட்டியம் ஆடுகிறாள். அரங்கேற்றத்துக்கு இடுப்பு தெரிய வேண்டும் என்று அவளாகவே சாப்பாட்டைக் குறைத்தாள். மதியம் ஒரு ஆப்பிள், இரவு ஒரு சப்பாத்தி. எல்லோரும் அழகாக இருக்கிறாள் என்றார்கள். ஆறு மாதமாக மாதவிலக்கு இல்லை என்பதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சீப்பில் கொத்தாக முடி வந்ததைப் பார்த்து அக்கா கேட்டபோதுதான் தெரிந்தது. டாக்டர் மாத்திரை எதுவும் தரவில்லை, சாப்பாட்டையும் மனநல ஆலோசனையையும்தான் எழுதினார். நாங்கள் ஏமாற்றமாக வெளியே வந்தோம். ஐந்து கிலோ ஏறிய பிறகு மாதவிலக்கு தானாக வந்துவிட்டது. எலும்பு வலுப்படும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இல்லாமல் போனால் பின்னால் எலும்பு முறியும் என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

தானே அப்பா | ஜூன் 17, காலை 10:25

என் சந்தேகம் கொஞ்சம் கூச்சமானது. மகனுக்கு 13 வயது, கொஞ்சம் குண்டு. மார்பு பெண் பிள்ளை போல இருக்கிறது என்று வெட்கப்பட்டு, சட்டைக்குள் இரண்டு பனியன் போடுகிறான். இந்தப் புழுக்கத்தில் முதுகெல்லாம் வேர்க்குரு. நீச்சல் வகுப்புக்கும் வரமாட்டேன் என்கிறான்.

வார்டு நர்ஸ் | ஜூன் 17, மதியம் 1:15

கூச்சமே வேண்டாம் சார். பருவ வயதுப் பையன்களில் பாதிப் பேருக்காவது சிறிது காலம் மார்பு வீங்கும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் அடங்கிவிடும். எடை அதிகமான பையனுக்குக் கொழுப்பும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். கொழுப்பில் இருக்கும் ஒரு நொதி ஆண் ஹார்மோனில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜனாக மாற்றவும் செய்கிறது. ஒரு தடவை மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தால் கொழுப்பா, சுரப்பியா என்று சொல்லிவிடுவார். பால் போல ஏதாவது கசிந்தாலோ வேகமாகப் பெரிதானாலோ தாமதிக்காதீர்கள். அதுவரை நீச்சலுக்குச் சட்டை போட்டே போகட்டும், தண்ணீரை விட்டு விலக வேண்டாம்.

கல்யாண் பார்மசி | ஜூன் 17, இரவு 9:40

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். மூச்சிளைப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) என்று லேபிள் இல்லாத பொடி வாங்கி ஒரு வருடமாகக் கொடுத்த குடும்பம் ஒன்று என்னிடம் வந்தது. பிள்ளையின் முகம் பூசணி மாதிரி உருண்டு, வயிற்றில் சிவப்புக் கோடுகள். உயரம் நின்றே போயிருந்தது. அந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. முக்கியமாக, சந்தேகம் வந்த உடனே பட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தன் சொந்தக் கார்டிசாலைச் சுரக்க மறந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பொடியையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இளைப்புக்கு மருத்துவர் தரும் இன்ஹேலர் வேறு, அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

நெல்லைக்காரன் | ஜூன் 18, காலை 8:00

சிஸ்டர், என் மகளுக்கு 13. வயதுக்கு வந்து பத்து மாதம்தான் ஆகிறது, மாதவிலக்கு ஒழுங்காக இல்லை. ஸ்கேன் எடுத்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று எழுதிவிட்டார்கள். இவளும் எடை அதிகம்.

வார்டு நர்ஸ் | ஜூன் 18, மதியம் 12:50

முதல் வருடத்தில் ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. இளம் பெண்களின் சினைப்பையில் சிறு சிறு நீர்ப்பைகள் தெரிவதும் இயல்பு. அதனால்தான் வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக் கூடாது என்று 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. முகத்தில் முரட்டு முடி, அடங்காத முகப்பரு, மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் சொல்லுங்கள். எடை கூடியவர்களுக்கு இன்சுலின் மிகுதி சினைப்பையை ஆண் ஹார்மோன் அதிகம் சுரக்க வைக்கும், அதை ரத்தத்தில் கட்டிவைக்கும் புரதத்தையும் குறைக்கும். அந்த ஆபத்து உண்மை. ஆனால் 13 வயதுப் பெண்ணின் நெற்றியில் நோயின் பெயரை ஒட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

செம்பூர் அம்மா | ஜூலை 2, இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. வேறொரு டாக்டரிடம் போனோம். முதலில் உயரம்தான் அளந்தார்கள், 139.2. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில் புள்ளி வைத்துக் காட்டினார்கள். உயரம் மேல் கோடுகளுக்குப் பக்கத்தில், எடை எல்லாக் கோட்டுக்கும் வெளியே. ஃப்ரீ டி4 சரியாக இருக்கிறது, எதிர்ப்புப் பொருள் இல்லை, சர்க்கரை எல்லைக்குள். மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார்.

எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று கேட்டேன். "குறைக்க வேண்டாம், நிறுத்தினால் போதும்" என்றார். அதே 44 கிலோவில் நின்று 145 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 22.7-லிருந்து 21-க்குக் கீழே வந்துவிடுமாம். பட்டினி போட்டால் உயரம் பாதிக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டில் பாட்டில் ஜூஸை நிறுத்தியாயிற்று, எனக்கும் அவள் அப்பாவுக்கும் சேர்த்து. ராத்திரி பத்தரை வரை போன் பார்ப்பாள், இப்போது ஒன்பதரைக்கு விளக்கு அணைக்கிறோம். கஷ்டமாக இருப்பது விளையாட்டுதான். எங்கள் குடியிருப்பு சொசைட்டி காம்பவுண்டில் பந்து ஆடக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். கமிட்டியிடம் மாலை 5 முதல் 7 வரையாவது விடுங்கள் என்று ஆறு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மாமியாரிடம் கழுத்து விஷயத்தைச் சொன்னேன். அன்று இரவு அவரே தேங்காய் எண்ணெய் எடுத்து, தேய்க்காமல், குழந்தையின் கழுத்தில் விரலால் தடவிவிட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

தானே அப்பா | ஜூலை 3, காலை 7:30

அந்தக் கடிதத்தின் நகல் கிடைக்குமா? எங்கள் சொசைட்டியிலும் அதே போர்டுதான்.

செம்பூர் அம்மா | ஜூலை 3, காலை 8:10

மராத்தியில் எழுதியது. மாலை தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன்.